அந்தமான்: எடுக்கக் கூடாத படம்

தீவுக்குப் போகும் பயணி தேடுவது தற்செயலான ஒரு சந்திப்பை. காட்டுச் சாலையில் அதற்கு டைம்டேபிள் உண்டு. விலையும் உண்டு.

அந்தமானைப் பார்க்காத இந்தியர் கோடிக்கணக்கில் இருக்கலாம். அந்தமானின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதவர் அநேகமாக இல்லை. சிவப்புச் சாயலில் வந்த பழைய 20 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் மரங்கள், அப்பால் கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். போர்ட் பிளேருக்கு எதிரே மவுண்ட் ஹாரியட் குன்றுக்கு ஏறும் வழியில் நின்றால் தெரியும் நார்த் பே காட்சி அது. டாக்ஸி டிரைவர்களுக்கு இந்த இடம் அத்துபடி. பயணிகள் இறங்கி, நோட்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, நோட்டிலுள்ள கடலையும் நிஜக் கடலையும் ஒரு கோட்டுக்குக் கொண்டுவந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2019ல் வந்த புதிய 20 ரூபாய் நோட்டில் எல்லோரா இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் இந்த விளையாட்டு நின்றபாடில்லை.

அந்தக் குன்றுக்குப் பெயர் கொடுத்தவரே ஒரு போட்டோகிராபர் என்பது பலருக்குத் தெரியாது. ஹாரியட் டைட்லர், 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றத்தின் சூப்பிரண்டாக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. 1857 கலகம் அடங்கிய கையோடு இந்தத் தம்பதி டெல்லியிலும் லக்னோவிலும் இடிந்து கிடந்த கட்டடங்களை நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். அந்தக் கலகத்தில் தண்டனை பெற்றவர்களை அடைத்து வைக்கத்தான் 1858ல் போர்ட் பிளேரே உருவானது. குன்றின் பெயர் 2021ல் மவுண்ட் மணிப்பூர் என்று மாறியது. நகரமே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பஜாரில் பழைய பெயர்தான் புழங்குகிறது.

நோட்டில் இருக்கும் அந்தப் படத்தில் மனிதர் யாரும் இல்லை. கடலும் மரமும் யார் வந்து எடுத்தாலும் நின்றுகொடுக்கும். அந்தமானில் சிக்கல் ஆரம்பமாவது, கட்டத்துக்குள் ஒரு மனிதர் வந்து நிற்கும்போதுதான்.

சென்னையிலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கியதும் தமிழ்ப் பயணிக்கு வெளியூர் வந்த உணர்வே வருவதில்லை. அபர்தீன் பஜாரில் தமிழ் பேசிக் காய்கறி வாங்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து இங்கே அதிகம் பேர் பேசும் மொழி தமிழ். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். செல்லுலார் ஜெயிலின் நீண்ட தாழ்வாரத்தில் நிற்கும்போது 1996ல் வந்த 'சிறைச்சாலை' படம் பலருக்கு நினைவுக்கு வரும். சந்தோஷ் சிவன் கேமரா வைத்த கோணத்தைத் தேடிக்கொண்டே நடப்பவர்களும் உண்டு. ஹேவ்லாக்கும் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) நீல் தீவும் (ஷாஹீத் தீவு) கடற்கரைக்காக.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பாரடாங் பயணம். சுண்ணாம்புப் பாறைக் குகை, மண் எரிமலை என்று பட்டியலில் போட்டிருக்கும். இரவு இரண்டு, மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். விடிவதற்கு முன் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் கார்களும் வேன்களும் வரிசை கட்டி நிற்கும். காலை ஆறு மணிக்கு முதல் கான்வாய். முன்னும் பின்னும் போலீஸ். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை சுமார் 50 கி.மீ. தூரம் ஜாரவாக்களின் காடு. அறிவிப்புப் பலகையில் நிபந்தனைகள் தெளிவாக இருக்கின்றன: வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, உணவுப் பண்டம் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

மண் எரிமலை என்பது முழங்கால் உயரத்துக்குச் சேறு கொப்பளிக்கும் ஒரு மேடு. குகை பரவாயில்லை. இவ்விரண்டுக்காக மட்டும் இவ்வளவு பேர் நடுராத்திரியில் எழுந்து வருகிறார்கள் என்று நம்புவதற்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும். கார் ஜன்னல் வழியே ஒரு கறுத்த உருவம், கழுத்தில் சிவப்பு மாலை, கையில் வில் தெரியுமா என்ற எதிர்பார்ப்புதான் அந்த வரிசையை நகர்த்துகிறது. ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுப்பவர்கள் எல்லாருமே, எதிர்பாராமல் எதிரே வரும் முகம்தான் பயணத்தின் லாபம் என்பார்கள். வாரணாசிப் படித்துறையிலோ ராமேஸ்வரம் ரயிலிலோ அது சரி. எதிரே நிற்பவர் சிரிக்கலாம், முறைக்கலாம், எழுந்து போய்விடலாம், காசு கேட்கலாம். ஜாரவா சாலையில் அப்படியல்ல. நேரம் குறித்து, டிக்கெட் போட்டு, போலீஸ் துணையோடு போகும் ஒன்றில் தற்செயல் என்று சொல்ல எதுவும் இல்லை.

கல்கத்தாவுக்குப் போன 'ஜாக்'

இந்தக் கதை சாலையோடு தொடங்கியதல்ல. அந்தமானியர் ஒருவர் முதல்முதலாக கேமரா முன் நின்றதே பிடித்துக்கொண்டு போனதால்தான். 1857 கடைசியில், கைதிகளைக் குடியேற்ற இடம் பார்ப்பதற்காக டாக்டர் பிரெடரிக் மவ்அட் தலைமையில் ஒரு குழு 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில் தீவுகளைச் சுற்றியது. குழுவில் ஒரு போட்டோகிராபரும் இருந்தார்: கல்கத்தாவில் தொழில் செய்துவந்த பிரெஞ்சுக்காரர் ஆஸ்கார் மாலித். கரையில் நடந்த மோதலில் அந்தமானியர் சிலர் உயிரிழந்தனர். ஒருவரைக் கப்பலில் ஏற்றினார்கள். மாலுமிகள் அவருக்கு 'ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. கேட்டிருந்தாலும் மொழி புரிந்திருக்காது.

கல்கத்தாவில் ஜாக் ஒரு காட்சிப் பொருள். உடுப்பு மாட்டிவிட்டார்கள். படம் எடுத்தார்கள். ஊரே பேசியது. கொஞ்ச நாளில் அவர் நோயில் விழுந்தார். இங்கேயே இறந்துவிடுவார் என்று பயந்து திரும்பவும் கப்பலில் ஏற்றி, பிடித்த இடத்துக்குக் கிட்டத்திலேயே கரையில் விட்டுவிட்டார்கள். பிறகு என்ன ஆனார் என்பதற்குப் பதிவு இல்லை. படம் மட்டும் தங்கியது. 1863ல் மவ்அட் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது.

லண்டன் வாசகர்களுக்கு அந்தமானியர் என்றால் அதற்குள் ஒரு பயங்கரம். 1890ல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஷெர்லாக் ஹோம்ஸ் துரத்தும் கொலையாளியின் கூட்டாளி ஓர் அந்தமானியன். ஊதுகுழலில் விஷமுள் ஊதிக் கொல்பவன். அந்தமானியர்களிடம் ஊதுகுழல் ஆயுதமே கிடையாது. வில்லும் அம்பும்தான்.

உண்மையான அந்தமானியர்களின் படங்களை உலகத்துக்குக் கொடுத்தவர் மாரிஸ் விடால் போர்ட்மேன். 1879ல் தீவுக்கு வந்து அந்தமானியர்களின் பொறுப்பதிகாரியான போது அவருக்கு வயது 19. அடுத்த ஆண்டு ஜனவரியில் பெரிய கூட்டத்தோடு வடக்கு சென்டினல் தீவில் இறங்கினார். பல நாள் தேடியதில் கிடைத்தவர்கள் ஒரு முதிய தம்பதியும் நான்கு குழந்தைகளும். ஆறு பேரையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். வெளிக்காற்று படாத உடம்புகள். உடனே நோய் கண்டது. முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களோடு தீவுக்குள் என்ன கிருமி போனது என்பது யாருக்கும் தெரியாது. சென்டினல்காரர்கள் ஏன் அம்பு விடுகிறார்கள் என்று வியப்பவர்கள், இந்த 1880ஆம் ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.

பின்னாளில் போர்ட்மேன் கேமராவைத் தூக்கினார். 1890களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர் எடுத்த படங்கள் ஆல்பம் ஆல்பமாக உள்ளன. வில் செய்வது எப்படி என்பதை, மரத்தைச் செதுக்குவது முதல் நாண் பூட்டுவது வரை படிப்படியாக எடுத்திருக்கிறார். இன்னொரு பக்கம், ஆட்களை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுத்து, உடல் அளவுகளைக் குறித்து வைத்த படங்கள். 1896ல் மானிடவியலாளர்களுக்கு போட்டோ எடுப்பது பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார். அழகான வெளிச்சமெல்லாம் வேண்டாம், துல்லியம்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. படம் பிடிக்கப்படுபவரிடம் கோபத்தைக் காட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் எதிரே நின்றவர்கள் மறுத்துவிட்டு எழுந்து போகக் கூடிய நிலையில் இருந்தார்களா என்ற கேள்வி அந்தக் கட்டுரைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் படங்களில் உள்ள கிரேட் அந்தமானியர்கள், ஆங்கிலேயர் வந்தபோது பல குழுக்களாக ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961ல் 19 பேர். அம்மையும் மேகநோயும் செய்த வேலை. 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது 'போ' என்ற மொழியைப் பேச ஆளில்லாமல் போனது. வெளியார் உறவு இந்த மக்களுக்குத் தீங்கைத் தவிர வேறெதையும் தரவில்லை என்று பிற்காலத்தில் சொன்னவரும் போர்ட்மேன்தான். அப்போது அவரிடம் ஆல்பங்கள் முழுமையாகத் தயாராகிவிட்டிருந்தன.

அம்பும் தேங்காயும்

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ல் ஆதிவாசிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காடுகளுக்கு எல்லை போடப்பட்டது. ஆனால் கேமராவுக்கு எல்லை போடப்படவில்லை. பரிசுப் பொருட்களுடன் படகில் போய் நட்புக் கொள்ளும் முயற்சி அரசாங்கத்தின் கொள்கை. போகும்போது படக் குழுவையும் அழைத்துப் போவது வழக்கம்.

1974ல் வடக்கு சென்டினலுக்குப் போன படகில் பிலிம்ஸ் டிவிஷனின் 'மேன் இன் சர்ச் ஆஃப் மேன்' ஆவணப்படக் குழு இருந்தது. நேஷனல் ஜியாகிரபிக்குக்காக ரகுபீர் சிங் இருந்தார். இந்தியாவின் தெருக்களை வண்ணத்தில் எடுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். கரையில் சமையல் பாத்திரங்கள், தேங்காய், பிளாஸ்டிக் பொம்மை கார், ஒரு பொம்மை, கட்டிப்போட்ட ஒரு உயிர்ப்பன்றி ஆகியவற்றை வைத்துவிட்டுப் படகு பின்வாங்கிக் காத்திருந்தது. பதில் அம்பாக வந்தது. ஒன்று பட இயக்குநரின் தொடையில் தைத்தது. எய்தவர் மர நிழலில் போய் உட்கார்ந்து சிரித்தார் என்று பதிவாகியிருக்கிறது. பன்றியையும் பொம்மையையும் குத்திப் புதைத்தார்கள். பாத்திரமும் தேங்காயும் போய்ச் சேர்ந்தன. 1975 ஜூலை இதழில் ரகுபீர் சிங்கின் படங்களோடு கட்டுரை வந்தபோது உலகம் பார்த்தது, வில்லை வளைத்து நிற்கும் மனிதர்களை. பெல்ஜியத்தின் முன்னாள் மன்னர் மூன்றாம் லியோபோல்டும் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் படகில் போய், கரையிலிருந்து ஒருவர் வில்லை நீட்டியதைப் பார்த்து மகிழ்ந்து திரும்பினார்.

17 ஆண்டு கழித்து வந்த இன்னொரு படம் வேறு மாதிரி. 1991 ஜனவரி 4. 'தார்முக்லி' கப்பலில் போன குழுவில், இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் மதுமாலா சட்டோபாத்யாயாவும் இருந்தார். சென்டினலுக்குப் போன குழுக்களில் அதற்கு முன் பெண் இருந்ததில்லை. படகிலிருந்து தேங்காய்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். கரையில் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கி எடுக்கத் தொடங்கினார்கள். தேங்காய் தீர்ந்ததும் கப்பலுக்குப் போய் மறுபடி எடுத்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் கரையிலிருந்த இளைஞர் ஒருவர் மதுமாலாவைக் குறிபார்த்து வில்லை வளைக்க, பக்கத்தில் இருந்த பெண் அவரைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. பிறகு குழுவினர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையிலிருந்து கைக்குத் தேங்காய் கொடுத்தார்கள்.

மதுமாலா தண்ணீரில் நின்று ஒரு சென்டினல் ஆணிடம் தேங்காய் நீட்டும் அந்தப் படம், எடுக்கப்பட்ட காலத்தில் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. 2018க்குப் பிறகுதான் உலகம் சுற்றியது. சென்டினல்காரர்களோடு எடுக்கப்பட்ட படங்களில், இரு தரப்பும் விரும்பி நெருங்கியது என்று சொல்லத் தகுந்தவை அந்தச் சில நாள் படங்கள் மட்டுமே. ஏன் அந்த முறை இறங்கி வந்தார்கள் என்பது இன்னும் புதிர். குழுவில் ஒரு பெண் இருந்தது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

பிப்ரவரி 21ல் இரண்டாம் பயணம். 1967லிருந்தே அந்தத் தீவுக்குப் போய் வந்துகொண்டிருந்த டி.என். பண்டிட் இந்த முறை உடன் போனார். சென்டினல்காரர்கள் படகிலேயே ஏறினார்கள். போலீஸ்காரரின் துப்பாக்கியை நல்ல இரும்பு என்று எடுக்கப் பார்த்தார்கள். குழுவில் ஒருவர், ஒரு சென்டினல் ஆள் அணிந்திருந்த இலை ஆபரணத்தை எடுக்கக் கை நீட்டினார். அவ்வளவுதான், கத்தி வெளியே வந்தது. சந்திப்பு அதோடு முடிந்தது.

நோய் தொற்றும் என்ற அச்சத்தில் 1990களின் நடுவில் இந்தப் பயணங்களை அரசு நிறுத்தியது. 2004 சுனாமிக்குப் பிறகு, தீவில் ஆள் மிஞ்சியிருக்கிறார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் அம்பு குறிபார்த்தார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உயிரோடு இருக்கிறோம், போய்விடுங்கள் என்ற இரண்டு செய்தியும் ஒரே படத்தில் இருந்தன.

ஒரு கால் முறிவும் ஒரு சாலையும்

ஜாரவாக்களின் கதை வேறு வழியில் போனது. அவர்கள் காட்டைப் பிளந்துகொண்டு, 1970களிலிருந்து போடப்பட்டது அந்தமான் டிரங்க் ரோடு. சாலைத் தொழிலாளர்கள் மீது அம்பு பாய்ந்தது. பதிலுக்குத் துப்பாக்கிகளும் பேசின. 1974ல் முதல் நட்புத் தொடர்பு ஏற்பட்ட பிறகும், மேற்குக் கரையில் படகில் போய்த் தேங்காயும் வாழைப்பழமும் கொடுப்பதோடு உறவு நின்றது. வி.ஐ.பி.க்கள் வந்தால் அவர்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாரவா பக்கத்தில் நின்று எடுத்த படம் டெல்லி வரவேற்பறைகளில் கௌரவமாகத் தொங்கிய காலம் அது.

1996 ஏப்ரலில் கடம்தலா கிராமத்துக்கு அருகே கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவாப் பையனை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். தோட்டங்களில் புகுந்து வாழைத்தார் எடுப்பதால் ஜாரவாக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே பல ஆண்டுப் பகை. அப்படியிருந்தும் பையன் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். மாதக்கணக்கில் இருந்தான். கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டு, நல்ல காலோடு காட்டுக்குத் திரும்பினான். 1997 அக்டோபரில் ஜாரவாக்கள் பட்டப்பகலில், கையில் ஆயுதம் இல்லாமல் காட்டை விட்டு வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர்களில் அந்தப் பையனும் இருந்தான். இந்தத் தீவுகளின் வரலாற்றில் தற்செயலான சந்திப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். அங்கே யாரும் படம் எடுக்க வந்திருக்கவில்லை.

பிறகு கேமராக்கள் வந்தன. 1999ல் தட்டம்மையும் வந்தது. 2006ல் மறுபடி. சாலையோரம் பிஸ்கட், புகையிலை, பழைய துணி. காரை நிறுத்தினால் படம், படத்துக்கு வாழைப்பழம். கேமராவால் உயிர் போகும் என்ற மூடநம்பிக்கை ஜாரவாக்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கேடு படத்தில் இல்லை, படம் எடுக்க நிறுத்தும் அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது. இருமலும் தின்பண்டமும் புகையிலையும் கைமாறுவது அந்த நேரத்தில்தான்.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜாரவாக் காட்டுக்குள் போகும் சாலைப் பகுதிகளை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. வடக்கே டிக்லிபூர் வரை உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் அதுதான் வழி என்றது நிர்வாகம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மாயாபந்தரில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குக் கப்பல் டைம்டேபிளைக் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித் திறந்து வைத்த சாலையில் போனவை பெரும்பாலும் டூரிஸ்ட் வண்டிகள்.

2012 ஜனவரியில் லண்டனின் அப்சர்வர் பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் ஒரு குரல். அரைகுறை உடையில் ஜாரவாப் பெண்கள் ஆடுகிறார்கள். நாடாளுமன்றம் வரை கொந்தளித்தது. வீடியோ பல ஆண்டுகளுக்கு முன் எடுத்தது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பல ஆண்டுகளாக இது நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. காப்புக் காட்டைச் சுற்றியும் இடைப்பகுதி ஒதுக்கப்பட்டது. ஆதிவாசிகளைப் படம், வீடியோ எடுப்பதும், அவர்களைக் காட்டி டூரிஸ்ட் விளம்பரம் செய்வதும் சிறைக்கு அனுப்பும் குற்றமாயின. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சாலையில் டூரிஸ்ட்டுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. மார்ச்சில் தடை விலகியது. கான்வாய் மறுபடி ஓடியது. பாரடாங்குக்குக் கடல் வழியாகப் போகும் படகும் பின்னர் வந்தது. ஆனாலும் அதிகாலை வரிசை குறையவில்லை. 2017ல் தேசிய ஷெட்யூல்டு பழங்குடியினர் ஆணையம் யூடியூபில் கிடந்த ஜாரவா வீடியோக்களை நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

செல்போன் காலத்தில் போலீஸ் வேலை கடினம். முன்பெல்லாம் கேமராவைத் தோளில் மாட்டியிருப்பவரைக் கண்டுபிடிக்கலாம். இப்போது காரில் இருக்கும் ஐந்து பேரிடமும் ஆளுக்கொன்று.

கடைசியாக, யாரும் கூப்பிடாமல் போனவர்கள். 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சௌ, மீனவர்களுக்குக் காசு கொடுத்து வடக்கு சென்டினலில் மத போதனைக்காக இறங்கி உயிரிழந்தார். 2025 மார்ச் கடைசியில் இன்னொரு அமெரிக்கர், 24 வயது, காற்றடைத்த படகில் தன்னந்தனியாக அதே தீவுக்குப் போனார். விசில் ஊதிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கரையில் இறங்கி, ஒரு டயட் கோக் கேனையும் ஒரு தேங்காயையும் வைத்துவிட்டு, கொஞ்சம் மணல் எடுத்துக்கொண்டு, வீடியோவும் எடுத்துக்கொண்டு திரும்பினார். கைதானார். தேங்காய் கொடுப்பது 1991ல் வேலை செய்தது என்று அவர் படித்திருக்கக் கூடும். அன்று தேங்காயோடு போனவர்கள் ஆண்டுக்கணக்கில் தீவுகளில் வேலை செய்தவர்கள் என்பதும், வேண்டாம் என்று அவர்களே பிறகு நிறுத்தினார்கள் என்பதும் வீடியோவுக்கு உதவாத விவரங்கள்.

2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். ஓங்கே 101. கிரேட் அந்தமானியர் 44. சென்டினல்காரர் 15, அதுவும் தூரத்திலிருந்து எண்ணியது. சுமார் நாலு லட்சம் மக்கள் உள்ள தீவுக் கூட்டத்தில், கேமரா போகக் கூடாத இடம் என்பது இந்தச் சில நூறு பேர்தான்.

சிரித்து நிற்பவர்கள்

மற்றவர்களோ, கேட்டால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். விசித்திரம் என்னவென்றால் அவர்களைப் படம் எடுக்கத்தான் யாரும் போவதில்லை. தெற்கு அந்தமானில் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, வண்டூர் என்று ஊர்கள் இருக்கின்றன. 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பிறகு மலபாரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் ஊரை விட்டாலும் ஊர்ப் பெயரை விடவில்லை. கைதிகளின் வழிவந்த 'லோக்கல் பார்ன்' குடும்பங்களில் வங்காளி, பஞ்சாபி, தமிழர், பட்டாணியர் எல்லாம் கலந்து, பேச்சு இந்துஸ்தானியாகிவிட்டது. தாத்தா என்ன குற்றம் செய்தார் என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். காடு வெட்ட சோட்டா நாக்பூரிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் 'ராஞ்சி' என்று ஒரே பெயர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் உண்டு. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பியவர்களில் சில குடும்பங்களை 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். மலையகத்தில் தேயிலை, கச்சாலில் ரப்பர், பிறகு 2004 சுனாமி. கச்சாலுக்கு அனுமதி இல்லாமல் டூரிஸ்ட் போக முடியாது. ஆனால் கச்சாலை விட்டு வந்தவர்களை போர்ட் பிளேர் டீக்கடையிலேயே பார்க்கலாம். பேச்சில் ஒரு மலையகச் சொல் தட்டுப்படும்.

மாயாபந்தர் அருகே வெபி என்ற கிராமம். 1925ல் பர்மாவிலிருந்து மர வேலைக்கு வந்த கரேன் மக்களின் ஊர். நெல் வயல், மரச் சுவர் வீடு, சர்ச். நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் வீட்டில் கரேன் மொழிதான். அங்கே போக போர்ட் பிளேரிலிருந்து விடிகாலையில் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸும் அதே ஜிர்காடாங் கேட் வழியாக, அதே கான்வாயில்தான் போகிறது. கேமராவைப் பைக்குள் வைக்கச் சொல்வார்கள். 50 கி.மீ. கடந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகு ஏறிய பிறகு வெளியே எடுத்துக்கொள்ளலாம்.